நஷ்டம் யார் கணக்கில்?

நாரணாபுரம் பக்கம் ஒருவர் பட்டாசுத் தொழிலில் இருக்கிறார் என்று தெரிந்தால், அடுத்த கேள்வி அவருக்கு என்ன லைசென்ஸ் என்பதுதான். நாக்பூர் லைசென்ஸ் என்றால் பெரிய கை. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் அங்கே இருக்கிறது. முதன்மைக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்துப் போட்டுத் தருவது அது. சென்னை லைசென்ஸ் நடுத்தரம். டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் தருவது. அந்த லைசென்ஸில் ஆலைக்குள் ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் வெடிபொருள் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் போக நான்காவதாக ஒரு வகை உண்டு. எந்த அலுவலகப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது. இன்னொருவருடைய லைசென்ஸில், இன்னொருவருடைய ஆலையில், நான்கைந்து ரூம்களை வாடகைக்கு எடுத்து, தன் காசில் மருந்து வாங்கி, தன் ஆட்களை வைத்துச் சரக்குப் போடுகிறவர் அவர்.

சிவகாசியை ஒட்டிய ஊராட்சி நாரணாபுரம். பள்ளபட்டி, விஸ்வநத்தம், அனுப்பன்குளம் என்று சுற்றிலும் இருக்கிற ஊர்களைப் போலவே இங்கேயும் காலையில் வேனும் பஸ்சும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ‘பயர் ஆபீஸு’க்குப் போகும். பட்டாசு ஆலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அதுதான். மேலே சொன்ன நான்கு பேரும் இங்கே முதலாளிகள். வங்கி மேலாளருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் முதல் மூவர் மட்டும் தொழில்முனைவோர்.

தொழில்முனைவோர் என்றால் இன்று நமக்கு மேடையும் விருதும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த ஆளை அடையாளம் காண்பதற்குப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. அயர்லாந்தில் பிறந்து பிரான்சில் வங்கித்தொழில் செய்த ரிச்சர்ட் கான்டிலன் எழுதி, அவர் இறந்த பிறகு 1755-ல் அச்சான நூலில் அது இருக்கிறது. தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்கத் துணிகிறவர் எவரோ அவரே முனைவோர் என்றார். அந்தக் கணக்கில் அவர் பிச்சைக்காரரையும் திருடரையும்கூடச் சேர்த்துக்கொண்டார்! படிப்பு, புதுமை, மூலதனத்தின் அளவு எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது என்று மட்டும் பார்த்தார். சிவகாசியின் நூறாண்டுக் கதையைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி தெரியவில்லை.

கல்கத்தாவுக்குப் போன இருவர்

1899-ல் சிவகாசி கலவரத்தில் எரிந்த ஊர். நாடார்களுக்கு எதிராக ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வந்து தாக்கியதைத்தான் பெரியவர்கள் சிவகாசிக் கொள்ளை என்று சொல்வார்கள். அது நடந்து கால் நூற்றாண்டுக்குள் அதே ஊரில் தீக்குச்சி ஆலை எழுந்தது.

1922-ல் பி.அய்ய நாடாரும் அவருடைய உறவினர் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யத் தெரிந்த பூர்ண சந்திர ராயிடம் தொழில் கற்றார்கள். சில மாதங்கள் அங்கேயே தங்கி, ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்து 1923-ல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். சிவகாசியில் எல்லோரும் சொல்கிற கதை இது. சொல்லாமல் விடுகிற பாதி இன்னும் சுவையானது.

முதலாவது, அந்த ஆண்டு. 1922-ல்தான் வெள்ளை அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்கான வரியைக் குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்த பெட்டியின் விலை இந்தியக் கடையில் ஏறியது. உள்ளூரில் செய்தால் விற்கலாம் என்ற நிலை அப்போது பிறந்தது. அரசாங்கம் கஜானாவை நிரப்பப் போட்ட வரி, கரிசல் காட்டில் தொழிலைத் திறந்துவிட்டது.

இரண்டாவது, பணம். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. பிற்பாடு 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியதும் அதுவே. வங்கி வருமுன்பே மகமை இருந்தது. வாங்கும் விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கை ஊர் உறவின்முறைக்கு, அதாவது சாதிச் சங்கத்துக்கு, எடுத்துவைக்கும் வழக்கம் அது. சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி ஆகிய ஊர்களில் பேட்டைகளும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அந்தக் காசில் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்தப்பட்ட பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான்.

தனி மனிதத் துணிச்சல் என்று நாம் கொண்டாடுவதற்குப் பின்னால் இத்தனை முதுகெலும்பு இருந்தது. தோற்றுப்போனாலும் சோற்றுக்கு வழியிருக்கும் என்று தெரிந்தவன்தான் கல்கத்தாவுக்கு ரயிலேற முடியும். இதைச் சொல்வதால் அந்த இருவரின் பெருமை குறையாது. ஆனால் அந்த வளையத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்கு அப்படிப்பட்ட கடனும் நம்பிக்கையும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பல சாதிக்காரர்களுக்கும் ஆலையில் வேலை கிடைத்தது; ஆலை கிடைக்கவில்லை.

மூன்றாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மன் இயந்திரம் சரிப்பட்டு வரவில்லை. சில ஆண்டுகளில் அதை ஓரங்கட்டிவிட்டுக் கையால் செய்யும் முறைக்குத் திரும்பினார்கள். புது இயந்திரம் கொண்டுவருகிறவனைத்தான் முனைவோர் என்போம். இங்கே இயந்திரத்தைக் கைவிட்டதுதான் பெரிய முடிவு. மழை பொய்த்த பூமியில் மூலதனம் அரிது, கை ஏராளம். அதே மழையின்மை குச்சியையும் மருந்தையும் காயவைக்கத் தோதாக இருந்தது. குச்சி அடுக்குவதையும் பெட்டி ஒட்டுவதையும் வீடுகளுக்கே கொடுத்தார்கள். ஆலை ஊர் முழுக்கப் பரவியது.

அதே காலத்தில் எதிர்முனையில் நின்றவர் ஈவார் குரூகர். உலகத் தீப்பெட்டிச் சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த ஸ்வீடன்காரர். நாடுகளுக்கே கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்கியவர். இந்தியாவின் வரிச் சுவரைத் தாண்ட அவருடைய ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம் 1923-ல் இங்கேயே விம்கோவைத் தொடங்கியது. பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத், சென்னையில் திருவொற்றியூர் என்று பிரம்மாண்டமான இயந்திர ஆலைகள். ஒரே ஆண்டில், ஒரே வரியைப் பார்த்து, உலகத்தின் மிகப் பெரிய தீப்பெட்டி முதலாளியும் சிவகாசியின் இரண்டு இளைஞர்களும் ஒரே தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். 1932 மார்ச்சில் குரூகர் பாரீஸில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். கணக்குப் புத்தகங்களைப் பிரித்தபோது மோசடி வெளிவந்தது. விம்கோ அதன் பிறகும் பல்லாண்டு நடந்தது. ஆனால் 1934-ல் உற்பத்தி வரி வந்த பிறகு, கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு அரசு காட்டிய வரிச் சலுகை சிவகாசியையும் சாத்தூரையும் கோவில்பட்டியையும் தாங்கியது. 2005-ல் விம்கோ ஐ.டி.சி. வசம் போனது. சென்னைக்காரர்களுக்கு அது இன்று ஒரு ரயில் நிலையப் பெயர்: விம்கோ நகர்.

ஒரு தொழில் பெற்ற பிள்ளைகள்

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளை வெளியூரில் அச்சடித்து வாங்குவதைவிட இங்கேயே அடித்தால் என்ன என்று லித்தோ அச்சகம் வந்தது. அச்சகத்துக்கு வருடம் முழுக்க வேலை வேண்டுமே? காலண்டர் வந்தது, டைரி வந்தது, நோட்டுப் புத்தகம் வந்தது. இன்று தமிழ் வீடுகளின் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அடியில் எந்த ஜவுளிக்கடை பெயர் இருந்தாலும், அச்சான ஊர் பெரும்பாலும் சிவகாசிதான். மருந்தும் காகிதமும் கையில் இருக்க, பட்டாசு அடுத்த படி. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை ஒழுங்கானது. இரண்டாம் உலகப் போர் இறக்குமதியை அடைத்தது. 1942-ல் ஸ்டாண்டர்ட் பயர்ஒர்க்ஸ் தொடங்கியது. அணில், சேவல் மார்க்குகள் தீபாவளியோடு ஒட்டிக்கொண்டன. நேரு இந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்றதாகச் சொல்வார்கள். ஊர் அதை இன்றுவரை விடவில்லை.

பொருளாதாரத்தில் முனைவோரின் இடம் எது என்று கேட்டால் இந்தப் பத்தியையே பதிலாகக் காட்டலாம். ஒருவர் போட்ட காசு அவருடைய லாபத்தோடு நின்றுவிடவில்லை. லேபிள் அச்சிட்டவர், அட்டை வெட்டியவர், கம்பி இழுத்தவர், லாரி வாங்கியவர், ஆலை வாசலில் டீக்கடை போட்டவர் என்று ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் காரணமானார்கள். 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி வந்தது. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பத்துக்கு ஒன்பது பங்கு இந்த வட்டாரத்தில் ஆவது. ஆயிரத்துச் சொச்சம் ஆலைகள். ஆண்டு வியாபாரம் ஆறாயிரம் கோடி ரூபாயைத் தொடுவதாக உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள்.

இந்த வளர்ச்சிக்குப் பிள்ளைகளும் விலை கொடுத்தார்கள். குச்சி அடுக்கிய கைகளில் எத்தனை சின்னக் கைகள் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். நஷ்டத்தை உரியவர் கணக்கில் எழுதிய முதல் பெரிய தீர்ப்பு என்று அதைச் சொல்வேன். அதன் பிறகு ஆலை வேன்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் குறைந்தார்கள் என்பதை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பத்து மாத உழைப்பு, பத்து நாள் வியாபாரம்

கான்டிலன் சொன்ன தெரியாத விலை என்னவென்று பட்டாசுக்காரரைக் கேட்டால் விளங்கும். தீபாவளி முடிந்து, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, மறுபடி வேலை சூடு பிடிக்கும். வெயில் காலமெல்லாம் சரக்குச் சேரும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் புது விற்பனையைத் தொடங்குவார்கள். வடமாநில ஏஜெண்டுகளுக்குப் பெரும்பகுதி கடனில் போகும். காசு முழுதாகத் திரும்புவது தீபாவளிக்குப் பிறகு. உள்ளே போகிற பணத்துக்கெல்லாம் விலை தெரியும்: அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு, காகிதம், கூலி. வெளியே வருகிற பணம் எவ்வளவு என்பது தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாள் வானம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏற்றுமதி என்ற கைத்தாங்கலும் கிடையாது. சீனாவின் ஹுனான் மாகாணத்து லியூயாங் உலகத்துக்கே வாணவேடிக்கை விற்கிறது. சிவகாசிக்கு ஒரே நாடு, கிட்டத்தட்ட ஒரே பண்டிகை.

வானத்தோடு இப்போது நீதிமன்றமும் சேர்ந்துகொண்டது. 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம், டெல்லியின் காற்று மாசு குறித்த வழக்கில், பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் தடை செய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும் போதும் என்றது. பேரியம் நைட்ரேட் என்பது இங்கே பச்சை உப்பு. கம்பி மத்தாப்பு முதல் புஸ்வாணம் வரை அது இல்லாமல் எப்படிச் செய்வது என்று யாருக்கும் அன்று தெரியாது. ஆலைகளை மூடிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் புதுச் சூத்திரங்களைத் தயாரித்தது. 2019 தீபாவளிக்கு அவை சந்தைக்கு வந்தன. டெல்லிக்காரர்களின் நுரையீரலுக்காக வந்த தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். டெல்லியில் நவம்பர் மாதம் மூச்சுவிட்டவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்த மாற்றத்தின் செலவு எப்படிப் பங்கானது என்று பாருங்கள். நீரியுடன் ஒப்பந்தம், சூத்திரம், மாதிரிச் சோதனை, சான்றிதழ், புதுப் பெட்டியில் புது முத்திரை. பல வண்ணப் பேன்சி ரகம் போடுகிற பெரிய ஆலைக்கு இது ஒரு வருடச் செலவுக் கணக்கில் ஒரு வரி. சரவெடியை மட்டும் நம்பி ஆறு ரூம் வைத்திருந்தவருக்குத் தொழிலே போனது. அவரிடமிருந்த ஒரே சொத்து லைசென்ஸ். அதை அவர் என்ன செய்வார்? வாடகைக்கு விடுவார்.

நான்காவது முதலாளி

உள்குத்தகை நேற்று வந்ததல்ல. இப்போது அதற்குக் காரணங்கள் கூடியிருக்கின்றன. லைசென்ஸ் வைத்திருப்பவர் ரூம்களைப் பிரித்து நாலைந்து பேருக்கு விடுகிறார். மாத வாடகையோ, பெட்டிக்கு இவ்வளவு என்றோ அவருக்கு உறுதியான வரவு. கான்டிலன் கணக்கில் அவர் முனைவோர் இல்லை, வாடகை வாங்குகிறவர். துணிகிறவர் ரூம் எடுத்தவர். பெரும்பாலும் முன்பு போர்மேனாகவோ மருந்து கலக்குபவராகவோ இருந்தவர், தொழில் அத்துப்படி. நிலமில்லை, லைசென்ஸ் எடுக்கும் செலவுக்கு வழியில்லை, வங்கிக் கடனுக்குக் காகிதமில்லை. தெரிந்த விலைக்கு மருந்து வாங்கித் தெரியாத விலைக்கு விற்கத் துணிகிறார். முனைவோருக்கான எல்லாக் குணமும் அவரிடம் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அவர் ஆளே இல்லை.

ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் கூடாது, மருந்து கலக்குமிடத்தில் இரண்டு பேர்தான், ரூமுக்கும் ரூமுக்கும் இவ்வளவு இடைவெளி, அன்றன்று கலந்த மருந்து அன்றன்றே தீர வேண்டும் என்று விதிகள் தெளிவாக இருக்கின்றன. அவை ஒரு ஆலைக்கு ஒரு பொறுப்பாளர் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. ஐந்து குத்தகைக்காரர்கள் ஒரே வளாகத்தில் ஐந்து அவசரத்தோடு ஓட்டும்போது, வாடகை ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற பதைப்பில், ஒரு ரூமில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். ரூம் போதாமல் மரத்தடியிலும் வேலை நடக்கிறது. உராய்வு ஒன்று போதும். ஒரு ரூமில் பிடித்தது அடுத்ததற்குத் தாவும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: இறந்தவர்கள் சுமார் 40 பேர். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம்: இருபதுக்கும் மேல். 2023 அக்டோபர், ரெங்கபாளையம். 2024 மே, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் அமைச்சர்கள் வருகிறார்கள், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, லைசென்ஸ் ரத்தாகிறது, போர்மேன் கைதாகிறார். அச்சங்குளத்துக்குப் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டது. உள்குத்தகை என்ற பேச்சு அப்போதும் அடிபட்டது. பிறகும் விபத்துகள் நின்றபாடில்லை.

இறந்தவர்களில் பெண்கள் பலர். திரி வைப்பது, மருந்து செலுத்துவது, பெட்டி போடுவது எல்லாம் எண்ணிக்கைக் கூலி. சனிக்கிழமை கணக்குப் பார்ப்பார்கள். தீபாவளியை ஒட்டி முன்பணம் வாங்கியிருந்தால் அது தீரும் வரை வேறு ஆலைக்குப் போக முடியாது. வீட்டில் குழாய் உருட்டும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சரியில்லை என்று குழாயைத் தள்ளிவிட்டால் அந்த உழைப்பு அவளுக்கே நஷ்டம். கான்டிலன் இருந்தால் அவளையும் முனைவோர் என்று எழுதியிருப்பார். நஷ்டத்தில் மட்டும் முனைவோர்.

நூறாண்டுக்கு முன் தொடங்கியவர்கள் தங்கள் காசைப் பணயம் வைத்தார்கள். கீழே தாங்க மகமையும் வங்கியும் இருந்தன. இன்று மேலே இருப்பவருக்கு உறுதியான வாடகை, கீழே இருப்பவருக்கு உயிர்ப் பணயம். இடையில் இருக்கிற நான்காவது முதலாளிக்கு எந்தப் பக்கமும் பிடிப்பில்லை. அவரை வெறும் குற்றவாளியாக மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் வரை, ஒரு ஆலை பூட்டப்பட்டால் அவர் அடுத்த ஆலையில் ரூம் எடுப்பார். அதைவிட மோசம், சொந்த வீட்டிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ லைசென்ஸே இல்லாமல் தொடங்குவார். அப்படி வீடுகளில் வெடித்த செய்திகளும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல.

செய்ய வேண்டியது கடினமானது, ஆனால் புதிரானது அல்ல. லைசென்ஸை வாடகைக்கு விட்டவருக்கு மறுபடி எந்த வகை லைசென்ஸும் கிடைக்கக் கூடாது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டின் பெரும்பகுதியை அரசு கஜானா சுமக்காமல், லைசென்ஸ்காரரின் கட்டாயக் காப்பீடு சுமக்க வேண்டும். விபத்துக்கு ஏற்பப் பிரீமியம் ஏறினால் ரூமுக்கு எட்டுப் பேர் என்பது லாபமில்லாத கணக்காகிவிடும். இன்னொரு பக்கம், ரூம் எடுத்து ஓட்டும் அந்தப் பழைய போர்மேன் தன் பெயரிலேயே சின்ன லைசென்ஸ் எடுக்க நிலமும் கடனும் வேண்டும். அதிக உயிர் குடிக்கிற மருந்து கலக்கும் வேலையை மட்டும் பிரித்து, சிறு ஆலைகளுக்குப் பொதுவாக, மனிதக் கை படாத கலவைக் கூடங்களை அரசும் உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து கட்ட வேண்டும். பிடி அரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டிய மாவட்டத்துக்கு இது ஆகாத காரியமல்ல. அடுத்த ஆடிப்பெருக்குப் பூஜைக்கு முன் சிவகாசி, நாரணாபுரம் உற்பத்தியாளர்களும் மாவட்ட நிர்வாகமும் முதல் கூடத்துக்காவது இடம் பார்க்கட்டும்.